ஒரு சாண் முகம்

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்த நாள் பூசைக்குப் போயிட்டு வந்து கஞ்சியும் சிறுபயறும் வச்சேன். மகள் ஆன்சிக்குக் கல்யாண நாள் குறிச்சாச்சு. நவம்பர் 12, புதன்கிழமை. கிறிஸ்துமஸுக்கு முந்தி உள்ள திருவருகைக் காலம் தொடங்கிட்டா கோயில்ல கல்யாணம் கிடையாதே, அதுக்கு முந்தி முடிச்சிரணும்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாங்க.

கஞ்சி குடிச்சிட்டிருக்கும்போதே அவ விசயத்துக்கு வந்துட்டா. மண்டபத்து வாசல்ல வைக்க ஒரு பெரிய படம் வேணுமாம். நடுவுல அவ, ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவ அப்பா. ஊருக்கெல்லாம் வரைஞ்சு குடுக்கியே, எனக்கும் ஒண்ணு வரைஞ்சு தாயேன்னு கேட்டா.

ஊருக்கெல்லாம் வரைஞ்சு குடுக்கேன், அது நெசந்தான். கல்யாணம், புதுநன்மை, பால்காய்ச்சு எதுவானாலும், வந்து நிக்க முடியாதவங்களைக் குடும்பப் படத்துல கொண்டு நிறுத்துறதுதான் எனக்குப் பிழைப்பு. யாரு ஃபோன் பண்ணினாலும் முதல்ல ஒண்ணுதான் கேப்பேன். ஆளு வெளிநாடா, மேலயா? லீவு கிடைக்காம வெளிநாட்டுல இருக்கிறவருன்னா வீடியோ கால்ல தெரியிற இப்பத்த முகத்தை அனுப்பச் சொல்லுவேன். நரைச்சிருந்தா நரையோட வரைவேன். மேல போயிட்டவங்கன்னா கடைசிப் படத்துல எப்படி இருக்காங்களோ அப்படியேதான். அவங்களுக்கு வயசு ஏத்தக் கூடாது. இந்த வேலையில அதுதான் முதல் பாடம்.

ஆன்சிகிட்ட நான் சொன்னது, இந்தச் சிலேட்டுல ஆவாது மக்ளே, திரை உள்ளது வாங்கணும்னு. பொய்யும் இல்ல. எங்கிட்ட இருக்கது கம்ப்யூட்டர்ல மாட்டி வரையிற வெறும் கறுப்புப் பலகை. கை மேசையில கிறுக்கும், கண்ணு எதிர்ல உள்ள கம்ப்யூட்டரைப் பாக்கும். திரை உள்ளதுன்னா படம் பலகையிலயே தெரியும், அதுக்க மேலயே வரையலாம்.

சரி, வாங்கிட்டு வரைன்னா. சட்டுன்னு ஒத்துக்குவான்னு நான் நினைக்கல்ல.

செப்டம்பர் 11, வியாழன்

ரெண்டு நாளா யூடியூப்தான். சோறு ஒரு நாள் அடி பிடிச்சிப் போச்சு.

பதிமூணு இஞ்சு இருக்கு, பதினாறு இருக்கு, இருபத்திரண்டு இருக்கு. இருபத்திரண்டுக்கு எனக்க மேசை காணாது. பதிமூணு எனக்க கண்ணுக்குக் காணாது. ஜப்பான்காரன் செஞ்சது நல்லாத்தான் இருக்காம், விலை கேட்டா பக்கத்துல போவ முடியாது. சீனாக்காரன் செஞ்சதுல மூணு வயரு, பாம்பாட்டி கூடை மாதிரி இருக்கு. ஒண்ணுல பேனா முனை ஒரு இடத்துல, கோடு ஒரு மயிரிழை தள்ளி விழுமாம். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவுல இடைவெளி இருக்கிறதாலயாம். எல்லாத்துக்கும் பொதுவா ஒரு குறை சொல்லுதானுவ, கொஞ்ச நேரம் வரைஞ்சா கண்ணாடி சுடுமாம். கை வச்சு வரையிற சாமான் சுட்டா எப்படி வரையது? அது ஒண்ணு போதும் வேண்டாம்னு வைக்க.

ஆன்சி வேலை முடிஞ்சு வந்து, எது முடிவு பண்ணினேன்னு கேட்டா. எல்லாத்துலயும் குறை இருக்குன்னேன். மொறைச்சிட்டுப் போனா.

செப்டம்பர் 14, ஞாயிறு

கிளீட்டஸ் வந்தான். எனக்க வீட்டுக்காரருக்க தம்பி. சாளை மீன் கொண்டு வந்தான், அவிச்சு வச்சேன்.

வந்த காரியம் வேற. கல்யாணத்துக்கு முந்தி மூணு ஞாயிறு கோயில்ல ஓலை வாசிக்கணும். இன்னாருக்க மகளுக்கும் இன்னாருக்க மகனுக்கும் கல்யாணம்னு சாமியார் பீடத்துல நின்னு அறிவிப்பாரு. பொண்ணுக்க அப்பா பேரை எப்படி வாசிக்கன்னு சாமியார் அவங்கிட்ட கேட்டிருக்காரு. தொபியாஸ்னா, இல்ல காலஞ்சென்ற தொபியாஸ்னா.

நான் சாளையில முள்ளு எடுத்துட்டே இருந்தேன். மைனி, எட்டு வருசம் ஆச்சுன்னான். ஆமா, எனக்கும் எண்ணத் தெரியும்னேன்.

எட்டு வருசத்துக்கு முந்தி வந்த புயல்ல கிளீட்டஸ் வேற படகுல மீன் பிடிக்கப் போனவன். கரை வந்துட்டான். எனக்க வீட்டுக்காரர் போன படகுல ஒரு பலகை கூட வரல்ல. ஆளும் வரல்ல, உடம்பும் வரல்ல. எந்தத் தீவுல ஒதுங்கினாரோ, எந்த நாட்டு ஜெயில்ல கிடக்காரோ, யாரு கண்டது. பங்குக் கோயில்ல விதவைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு வச்சப்ப நான் போனேன். போயி, நான் விதவையில்ல, படிக்க மட்டும் வந்திருக்கேன்னு சொல்லிட்டுத்தான் உக்காந்தேன். அப்படிப் படிச்சதுதான் இந்தத் தொழில்.

கிளீட்டஸ் போவும்போது தொபியாஸ்னு மட்டும் வாசிக்கச் சொல்லுன்னேன். அவன் செருப்பை மாட்டினான்.

செப்டம்பர் 15, திங்கள்

கரண்டு இல்ல. துணி துவைச்சேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஆன்சி விடமாட்டேன்னுட்டா. லீவு போட்டு நாகர்கோயிலுக்கு இழுத்துட்டுப் போனா. கடையில மூணும் வரிசையா எடுத்து வச்சிருந்தாங்க. விக்கிற பிள்ளை நல்ல பிள்ளைதான், வாய் மூடாம பேசினா. அழுத்தம் இத்தனை படி, நிறம் இத்தனை கோடின்னு. நமக்கு எதுக்கு கோடி நிறம்? எனக்க ஆளுங்க எல்லாரும் கறுப்புதான்.

ஒரு ஆம்பளை முகத்தைத் திரை நிறைய வைக்கச் சொன்னேன். அவ ஏதோ நடிகன் முகத்தை வச்சா. பதிமூணு இஞ்சுல எனக்க கையை விரிச்சு வச்சுப் பாத்தேன். முகம் சின்னதா இருந்திச்சு. பதினாறுல வச்சேன். கட்டைவிரல் நாடியில, சுண்டுவிரல் நெத்தி மயிர் தொடங்குற இடத்துல. சரியா ஒரு சாண்.

ஆன்சி, என்னம்மா சாண் போட்டுப் பாக்கே, துணிக்கடையான்னு சிரிச்சா. அவளுக்கு எங்க தெரியும். படகுல இருந்து வந்து பகல்ல தூங்குறவருக்க முகத்தை நான் எத்தனையோ தடவை இப்படி வச்சுப் பாத்திருக்கேன். அவருக்கு முகம் சரியா எனக்க ஒரு சாண். முழிச்சிட்டா, என்ன அளக்கே, சவப்பெட்டி செய்யப் போறியான்னு கேலி பண்ணுவாரு. வாயை மூடும்னு அடிச்சிருக்கேன்.

விரலால தொட்டுப் பாத்தேன். கண்ணாடி கொஞ்சம் சூடா இருந்திச்சு. கையை எடுத்துட்டேன். கோடு தள்ளி விழுது, வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்தப் பிள்ளை கோடு போட்டுக் காட்டினா. தள்ளி விழல்ல. இருந்தாலும் வேண்டாம்னுட்டு வந்துட்டேன். பஸ்ஸுல ஆன்சி தள்ளி வேற சீட்டுல போயி உக்காந்தா.

செப்டம்பர் 30, செவ்வாய்

அவருக்குப் பிறந்த நாள். நெத்திலி அவியல் வச்சேன். கம்ப்யூட்டர்ல வருசத்துக்கு ஒரு தடவை செய்யிற வேலை ஒண்ணு உண்டு, அதையும் முடிச்சாச்சு.

அக்டோபர் 7, செவ்வாய்

குளச்சல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா. வியாகுலம்னு பேரு. மூத்த மகன் பைக்குல போயி லாரியில அடிபட்டு இறந்து ஆறு வருசமாம். அடுத்த வாரம் இளையவனுக்குக் கல்யாணம். ரெண்டு பேரும் தோளோட தோள் நிக்கிற மாதிரி வேணும்.

நேத்து முழுக்க இருந்து முடிச்சேன். நல்லா வந்திருக்கு. அண்ணன் அண்ணன் மாதிரி இருக்கணும்லா. அதனால மீசையைக் கொஞ்சம் தடிப்பாக்கி, கன்னத்துல சதை வச்சு, நெத்தியைக் கொஞ்சம் ஏத்தினேன். பிரிண்டு போட்டு அனுப்பியாச்சு.

அக்டோபர் 11, சனி

அந்த அம்மா படத்தைத் தூக்கிட்டு நேர்லயே வந்துட்டாங்க. ரெண்டு பஸ்ஸு மாறி. நான் கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தேன். தொடல்ல. படத்தை மேசையில வச்சு, மூத்தவனுக்க முகத்தை மட்டும் விரலால காட்டினாங்க.

"இது எனக்க மவன் இல்ல மோளே. எனக்க மவனுக்கு இருபது வயசு."

சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன். விரலை எடுக்கல்ல. தம்பிய விட சின்னவனா தெரிவானேன்னு நான்தான் இழுத்தேன். தெரியட்டும், அவன் சின்னவனாத்தானே போனான்னாங்க.

இத்தனை வருசத்துல இந்தத் தப்பு நான் செஞ்சதே இல்ல. எனக்க வாயால எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், மேல உள்ளவங்களுக்கு வயசு ஏத்தக் கூடாதுன்னு. ஏன் ஏத்தினேன்? கை தானா ஏத்திருச்சு. கைக்குப் பழக்கம் ஆயிப்போச்சு.

திருத்திக் குடுத்தேன். இருபது வயசுக்காரன் இளிச்சிட்டு நிக்கான். அந்த அம்மா சாயாவைக் குடிச்சிட்டுப் போனாங்க.

அக்டோபர் 19, ஞாயிறு

முதல் ஓலை வாசிச்சாச்சு. சாமியார் தொபியாஸ், ஜெனோவா இவர்களின் மகள் ஆன்சின்னு வாசிச்சாரு. காலஞ்சென்ற இல்ல. நான் சொன்ன மாதிரியேதான். முன் வரிசையில ரெண்டு பொம்பளைங்க திரும்பிப் பாத்தாங்க. நானும் பாத்தேன். திரும்பிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் ஆன்சி உடுப்பு கூட மாத்தல்ல. அடுக்களையில வந்து நின்னா. நான் தேங்கா துருவிட்டிருந்தேன். அழுவல்ல, கத்தல்ல. சாதாரணமா சொன்னா.

"அம்மா, அப்பா திரும்பி வரணும்னு ஜெபிக்கிறதை நான் விட்டு நாலு வருசம் ஆச்சு. உங்கிட்டச் சொல்ல எனக்குப் பயம்."

நான் துருவிட்டே இருந்தேன். அவ விடல்ல. அப்பா இருக்காருன்னு நீ சொன்னா, எனக்க கல்யாணத்துக்குக் கூட வராம எங்க இருக்காருன்னு நான் அவர் மேல கோவப்பட வேண்டியிருக்கு, எனக்கு அவர் மேல கோவப்பட வேண்டாம்மா, அழத்தான் வேணும்னா. படத்துல அப்பா எங்கூட நிக்காம நான் மண்டபத்துக்குள்ள காலு வைக்க மாட்டேன், நீ வரைஞ்சாலும் சரி, வேற ஆளை வச்சு வரைஞ்சாலும் சரின்னும் சொல்லிட்டா.

வேற ஆளா? எவனோ ஒருத்தன் அவருக்க முகத்தை வரையவா? எனக்கு வந்த கோவத்துல தேங்காயோட விரலையும் சேத்துத் துருவிட்டேன். அவதான் மஞ்சள்பொடி வச்சுக் கட்டிவிட்டா. பிள்ளைக்குப் பதினஞ்சு வயசுல இருந்து வாயைக் கட்டி வச்சிருக்கேன். பாவம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி வெடிச் சத்தம் டவுண் பக்கம் கேக்குது. பதினாறு இஞ்சுக்கு ஆர்டர் போட்டுட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

நேத்து ரெண்டாவது ஓலை. அதுவும் முந்தின மாதிரியே.

இன்னைக்குச் சாமான் வந்திச்சு. ஆன்சி வயரெல்லாம் மாட்டிக் குடுத்துட்டு வேலைக்குப் போனா. காலையில இருந்து ஒரு தேங்கா வரைஞ்சேன். ஒரு செருப்பு வரைஞ்சேன். கோடு நிக்கச் சொன்ன இடத்துல நிக்குது. இதுக்க மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. எவ்வளவு தேடிப் பாத்தேன்.

எழுதித்தான் ஆவணும். கம்ப்யூட்டர்ல எட்டுப் படம் இருக்கு. மீனவர் அட்டைக்கு எடுத்த போட்டோவை வச்சு, ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அவருக்கு ஒரு வயசு ஏத்துவேன். முதல் வருசம் காது பக்கம் ரெண்டு நரை. அடுத்த வருசம் கண்ணோரம் ஒரு சுருக்கம். போன மாசம் மீசையில வெள்ளை கூட்டி, நாடிக்குக் கீழ கொஞ்சம் தொங்கவிட்டேன். திடீர்னு ஒரு நாள் வாசல்ல வந்து நின்னா எனக்கு அடையாளம் தெரியணும்லா. அதுக்குத்தான். யாரையும் ஏமாத்த இல்ல.

எட்டாவது படத்தைப் புதுத் திரையில போட்டுப் பாத்தேன். நாப்பத்தாறு வயசு ஆளு. நல்ல மனுசன் மாதிரிதான் இருக்காரு. பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தா யாருன்னு தெரியாது எனக்கு. அந்தக் குளச்சல் அம்மாவுக்க விரல்தான் கண்ணு முன்னால வந்து நின்னிச்சு. மூடி வச்சிட்டு ரேசன் கடைக்குப் போயிட்டேன்.

நவம்பர் 1, சனி

ஆன்சி உடுப்பு தைக்கிற இடத்துக்குப் போயிட்டா. பன்னிரண்டு மணிக்கு கோயில் மணி அடிச்சதும் உக்காந்தேன்.

பழைய சிலேட்டுல வரையும்போது ஒரு வசதி இருந்திச்சு. முகம் அங்க, கை இங்க. யாருக்க கண்ணை மூடினாலும் திறந்தாலும் நம்ம கை மேசையிலதான் கிடக்கும். இதுல அப்படி இல்ல. பேனாவை வச்சா அவருக்க புருவத்துலயேதான் வைக்கணும். வச்சேன். எட்டு வருசம் கழிச்சுத் தொடுறேன். உடனே எழும்பிப் போயி கொடியில கிடந்த துணியெல்லாம் எடுத்து மடிச்சேன். மடிச்சதை ஒருக்கா பிரிச்சு மறுபடி மடிச்சேன்.

பொறவு வந்து உக்காந்தேன்.

அட்டைப் படத்துல இல்லாததெல்லாம் கைக்குத் தெரிஞ்சிருந்திச்சு. இடது புருவத்துல கயிறு அறுத்த இடத்துல மயிர் முளைக்காது. கீழ் உதட்டுல எப்பவும் ஒரு வெடிப்பு. உப்புக் காத்துக்கு. எண்ணெய் தேயும்னா தேய்க்க மாட்டாரு. வலது காதுக்க நுனி வெயிலுக்குச் சிவந்து தோலு உரிஞ்சிட்டே இருக்கும். ஒரு நரை வைக்கல்ல. ஒரு சுருக்கம் வைக்கல்ல. முப்பத்தெட்டு வயசு. கடைசியா வாசல்ல நின்னு, மழை வரும் போல, கொடியில உள்ளதை எடுத்துப் போடுன்னு சொன்ன முகம்.

அழுதேன். கண்ணாடியில விழுந்ததைச் சேலையால துடைச்சேன். அதுவும் சூடாத்தான் இருந்திச்சு.

ஆறு மணிக்கு மணி அடிக்கும்போது ஆன்சி வந்தா. பின்னால நின்னு பாத்தா. அப்பான்னு மட்டும் சொன்னா. எனக்க தோள்ல நாடியை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா. பொறவு பொண்ணு இல்லியா, படத்துல எனக்க முகத்தைப் பாத்துட்டா. நீ அப்பாவுக்கு அக்கா மாதிரி இருக்கியே, கொஞ்சம் வயசைக் குறைச்சிக்கோன்னா. ரெண்டு நிமிசத்து வேலைதான். கையும் பேனாவுக்குப் போச்சு. வேண்டாம்னு எடுத்துட்டேன். நான் இருக்கேன்லா. இருக்கவங்களுக்கு வயசு ஏறத்தான் செய்யும்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். பூசைக்கு முந்தியே சாமியார் அறைக்குப் போனேன். கடைசி ஓலையை மாத்தி வாசிக்கணும் சாமின்னேன். எப்படின்னு அவரு கேக்கல்ல. எழுதி வச்சிருந்த பேப்பரை எங்கிட்டத் தள்ளி, பேனாவையும் குடுத்தாரு. நானே எழுதினேன்.

காலஞ்சென்ற தொபியாஸ்னு பீடத்துல இருந்து கேட்டப்ப ஆன்சி எனக்க கையைப் பிடிச்சா. இந்தத் தடவை யாரும் திரும்பிப் பாக்கல்ல.

சாயங்காலம் எல்லாரும் அவங்கவங்க கல்லறையில பூ வச்சு மெழுகுதிரி ஏத்தினாங்க. எட்டு வருசமா நான் அந்தப் பக்கமே போனதில்ல. கல்லறை இல்லாதவங்க நடுவுல பெரிய சிலுவை நிக்கிற குருசடியில ஏத்துவாங்க. அங்க எவ்வளவு கூட்டம். எல்லாம் கடல்ல போனவங்க வீட்டுப் பொம்பளைங்க. எனக்கு இடம் விட்டுத் தள்ளி நின்னாங்க. நான் வருவேன்னு அவங்களுக்கு முன்னாலயே தெரியும் போல.

நவம்பர் 12, புதன்

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிச்சு. மழையும் பெய்யல்ல. கோழி பத்தாம வந்திரும்னு பயந்தேன், மிஞ்சிப் போச்சு.

படம் வாசல்ல இருந்திச்சு. ஆன்சி உள்ள போவும்போது ஒரு நிமிசம் அதுக்க முன்னால நின்னுட்டுத்தான் போனா. எனக்க தாலியைப் பத்தி யாரும் எங்கிட்டக் கேக்கல்ல. கழுத்துலதான் கிடக்கு.

பந்தி முடிஞ்சு பாத்தா கிளீட்டஸைக் காணல்ல. வாசல்ல படத்துக்க முன்னால நிக்கான். அவனுக்கு இப்ப நாப்பத்தொண்ணு. தலை பாதி வெளுத்தாச்சு. நான் பக்கத்துல போயி நின்னேன். அவன் படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"மைனி, அண்ணன் எனக்கு இளையவனாயிட்டான்."

அதுக்க பொறவு அவனை என்னால பிடிக்க முடியல்ல. அத்தனை பேரு முன்னாலயும் அழுதான். எட்டு வருசம் நான் வெறும் தொபியாஸ்னே சொல்லிட்டிருந்ததால அவனும் அழாமலே இருந்திருக்கான்.

நவம்பர் 15, சனி

ஆன்சி மாப்பிள்ளை வீட்டுக்குப் போயாச்சு. ரெண்டு பேருக்கு வச்சுப் பழகின கை, சோறு மிஞ்சிப் போச்சு. தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்.

மத்தியானம் ஒரு ஃபோன். மார்த்தாண்டத்துல இருந்து ஒருத்தரு, மண்டபத்துல படம் பாத்தாராம், அது மாதிரி ஒண்ணு வேணுமாம். ஆளு வெளிநாடா மேலயான்னு கேட்டேன். மேலன்னாரு. பொறவு அவரு கேட்டாரு, அந்தப் படத்துல உள்ளது உங்களுக்கு யாருன்னு. எனக்க வீட்டுக்காரர், மேலன்னு சொன்னேன். வாய் ஒண்ணும் குழறல்ல.

ஃபோனை வச்சிட்டு அந்த எட்டுப் படத்தையும் ஒவ்வொண்ணாத் திறந்து பாத்தேன். எட்டு வருசம் அவங்களும் எங்கூட இருந்திருக்காங்க. போயிட்டு வாங்கன்னு சொல்லி அழிச்சேன்.

முப்பத்தெட்டு வயசை மட்டும் திரை நிறைய வச்சேன். கையை விரிச்சு வச்சேன். கட்டைவிரல் நாடியில, சுண்டுவிரல் நெத்தியில. காலையில இருந்து ஓடிட்டிருந்த திரை, நல்ல சூடு. பகல்ல தூங்குறவருக்க கன்னத்துல இந்தச் சூடுதான் இருக்கும்.

பொறவு அணைச்சேன். முகம் போயிருச்சு, கறுப்புக் கண்ணாடி மட்டும் இருந்திச்சு. சூடு உடனே போவல்ல. அது ஆறுற வரைக்கும் கையை எடுக்காம உக்காந்திருந்தேன்.